ஸ்லைடு அவுட் வெச்ச மோட்டார்ஹோமுக்குள்ள தண்ணி வராம இருக்க: டாப்பர் துணி, ரப்பர் சீல், வாட்டம் - புதுசா வர்றவங்களுக்கு

ஸ்லைடு அவுட் வெச்ச வண்டின்னா உள்ள எவ்ளோ இடம் கிடைக்கும்னு எல்லாரும் சொல்லுவாங்க, பட்டனை அமுக்கினா சுவரே வெளிய நகர்ந்து போய் ஒரு குட்டி ரூம் ஆயிடும், சோபாவுக்கும் அடுப்பு மேடைக்கும் நடுவுல ரெண்டு பேர் இடிச்சுக்காம நடக்கலாம், எல்லாம் சரி. ஆனா வண்டியோட சுவத்துல ஒரு ஆள் உயரத்துக்கு ஓட்டை வெட்டி அதுக்குள்ள ஒரு பெட்டியை போக வர விட்டிருக்காங்க, அந்த பெட்டிக்கும் ஓட்டைக்கும் நடுவுல இருக்கற இடுக்கை நாலு பக்கமும் அடைக்கறது வெறும் ரப்பர் தான். இதை மனசுல வெச்சுக்கிட்டா மீதி எல்லாம் சுலபமா புரியும்.

நான் வாங்கினது பழைய வண்டி. ஸ்லைடு மேல, அதாவது வெளிய நகர்ற அந்த பெட்டி மேல, கூரை மாதிரி விரியற டாப்பர் துணி கிழிஞ்சு தொங்கிக்கிட்டு இருந்துச்சு, அதனால முதல் வேலையா புது துணி மாத்தினேன், இனி தண்ணி பிரச்சனை இல்லைன்னு நிம்மதியா இருந்தேன். மூணு மாசம் கழிச்சு சோபா கால் பக்கத்துல கார்பெட்டை தூக்கி பாத்தா கீழ பலகை கறுத்துப்போய் இருக்கு, ஸ்க்ரூட்ரைவர் முனையை வெச்சு லேசா அமுக்கினேன், ஊறின அட்டை மாதிரி உள்ள போயிடுச்சு. மேல துணி புதுசு, மேல இருந்து ஒரு சொட்டு கூட வரல. பக்கத்து ரப்பரும் கீழ் ரப்பரும் சேர்ற மூலையில கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு கிழிசல், அது வழியா சுவத்துல வழியற தண்ணி கொஞ்சம் கொஞ்சமா உள்ள போயிருக்கு. அதனால தான் டாப்பர் பத்தி கேட்டு வர்றவங்க கிட்ட எல்லாம் நான் முதல்ல ரப்பரை பாருங்கன்னு சொல்றேன். டாப்பர் ஒரு குடை, அவ்ளோ தான். குடை பிடிச்சாலும் கால் நனையும் இல்லையா.

ரப்பர்ல ரெண்டு வகை, ரெண்டையும் தெரிஞ்சுக்கங்க

ஒண்ணு வைப்பர் சீல். நாக்கு மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கும், ஸ்லைடு போகும்போதும் வரும்போதும் பெட்டியோட மேல் பக்கத்தையும் ரெண்டு பக்கத்தையும் உரசி தண்ணியை வழிச்சு விடும், கார் கண்ணாடி வைப்பர் செய்யற அதே வேலை. இன்னொண்ணு பல்ப் சீல். உள்ள காத்து இருக்கற குழாய் மாதிரி, அமுங்கினா தான் அடைக்கும். ஸ்லைடு முழுசா உள்ள வந்தா வெளிப்பக்க ஃபிளாஞ்ச், அதாவது பெட்டியோட விளிம்பு, வெளிய இருக்கற பல்ப் சீலை அமுக்கும், முழுசா வெளிய போனா உள்பக்க விளிம்பு உள்ள இருக்கற பல்ப் சீலை அமுக்கும்.

இதுல இருந்தே ஒரு விஷயம் புரியும். ஸ்லைடை பாதியில நிறுத்தி வெச்சா எந்த பல்பும் அமுங்காது, வைப்பர் மட்டும் தான் காவல். மரக்கிளை இடிக்குதுன்னு முக்காவாசி மட்டும் தள்ளி வெச்சுட்டு ராத்திரி மழையில தூங்கறவங்களை பாத்திருக்கேன், தயவு செஞ்சு அப்படி செய்யாதீங்க, முழுசா வெளிய இல்லைன்னா முழுசா உள்ள. ஷ்வின்டெக் மாதிரி ரெண்டு பக்கமும் தனித்தனி மோட்டார் இருக்கற ஸ்லைடா இருந்தா இன்னும் முக்கியம், கடைசி வரைக்கும் போயிடுச்சுன்னு தெரிஞ்ச உடனே பட்டன்ல இருந்து விரலை எடுக்காம, மோட்டார் தானா நிக்கற வரைக்கும் அமுக்கி பிடிங்க, அப்ப தான் ரெண்டு பக்கமும் சமமா போய் உக்காரும். ஒரு பக்கம் கொஞ்சம் பின்தங்கி நின்னா அந்த பக்கம் பல்ப் சரியா அமுங்காது.

டாப்பர் வாங்கறதுக்கு முன்னாடி இதை பண்ணுங்க

முதல் நாள் வேலை சோதனை மட்டும் தான், எதையும் வாங்க வேண்டாம். ஸ்லைடை முழுசா வெளிய தள்ளிட்டு ஏணி போட்டு ஏறி வைப்பர் நாக்கு ஒரு கோடியில இருந்து இன்னொரு கோடி வரைக்கும் ஒரே பக்கமா மடிஞ்சிருக்கான்னு பாருங்க. எங்கயாவது ஒரு அரை அடி மட்டும் உள்பக்கமா சுருண்டு மாட்டிக்கிட்டு இருந்தா அந்த இடம் தண்ணியை நேரா உள்ள கூட்டிட்டு போகும், பிளாஸ்டிக் பட்டையோ விரலோ வெச்சு வெளிய எடுத்து விடுங்க, இரும்பு எதுவும் வேண்டாம், ரப்பர் கீறிடும்.

அப்புறம் மூலைங்க. மேல் ரப்பரும் பக்க ரப்பரும் சேர்ற ரெண்டு மூலை, பக்க ரப்பரும் கீழ் ரப்பரும் சேர்ற ரெண்டு மூலை. ஒழுகற வண்டியில பெரும்பாலும் குறை இங்க தான் இருக்கும், ஏன்னா நேரா போற ரப்பர் ஒரே துண்டு, மூலையில மட்டும் வெட்டி ஒட்டியிருப்பாங்க, காலப்போக்கில ரப்பர் சுருங்கி அந்த சேர்ப்பு விலகிடும். டார்ச் அடிச்சு, விரலால தள்ளி, கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டு பாருங்க.

பல்ப் சீல் அமுங்குதான்னு பாக்க ஒரு காகிதத்துண்டு போதும். ரப்பருக்கும் விளிம்புக்கும் நடுவுல காகிதத்தை வெச்சு ஸ்லைடை முழுசா போக விட்டு, அப்புறம் காகிதத்தை இழுங்க. இறுக்கி பிடிச்சா நல்லது, வழுக்கிக்கிட்டு வந்தா அங்க அமுக்கம் இல்லை. சுத்தி ஒரு அடிக்கு ஒரு இடம் இப்படி பாத்து மாஸ்கிங் டேப் ஒட்டி குறிச்சு வெச்சுக்கங்க. ஒரே பக்கம் முழுக்க வழுக்குதுன்னா அது ரப்பர் கோளாறு இல்லை, ஸ்லைடு கோணலா நிக்குது, அதை அட்ஜஸ்ட் பண்ண தெரிஞ்ச மெக்கானிக் கிட்ட விடுங்க.

கடைசியா ஹோஸ் வெச்சு பாக்கறது. பிரஷர் வாஷர் வேண்டவே வேண்டாம், அது நல்ல சீலையும் பிரிச்சு தண்ணியை உள்ள ஏத்திடும். சாதாரண ஹோஸ், மெதுவான தண்ணி. ஒருத்தர் உள்ள டார்ச்சோட இருக்கணும், ஸ்லைடு ஓரம் முழுக்க டிஷ்யூ பேப்பரை நீளமா போட்டு வெச்சுடுங்க, ஒரு சொட்டு பட்டாலும் அந்த இடம் உடனே கறுத்து தெரியும். வெளிய இருக்கறவர் கீழ இருந்து ஆரம்பிக்கணும், கீழ் விளிம்புல ஒரு அஞ்சு நிமிஷம், அப்புறம் பக்கம், அப்புறம் மூலை, கடைசியில தான் மேல. மேல இருந்து ஆரம்பிச்சா தண்ணி எல்லா இடத்துலயும் வழிஞ்சு எது வழியா வந்துச்சுன்னே கண்டுபிடிக்க முடியாது. அவசரப்படாதீங்க, இதுக்கு ஒரு மத்தியானமே போகும், போகட்டும்.

சரி, டாப்பர் எதுக்கு?

ஸ்லைடு மேல் பக்கம் கிட்டத்தட்ட தட்டையா இருக்கும், அதனால தண்ணி நிக்கும், அதை விட மோசம் இலை, குச்சி, விதை, மணல் எல்லாம் அங்க சேரும். நீங்க ஸ்லைடை உள்ள இழுக்கும்போது அந்த குப்பை எல்லாம் வைப்பர் நாக்குக்கு அடியில மாட்டிக்கிட்டு இழுபடும். ஒரு தடவை என் வண்டியில காஞ்ச குச்சி ஒண்ணு, தீக்குச்சி பருமன் கூட இருக்காது, ரப்பருக்கு அடியில போய் மாட்டி மேல் ஷீட்ல ரெண்டு அடி நீளத்துக்கு கோடு கிழிச்சுட்டு வந்துச்சு, ரப்பர்லயும் அதே இடத்துல ஒரு பிளவு. டாப்பரோட முதல் வேலை இந்த குப்பையை தடுக்கறது தான்னு நான் நினைக்கறேன், மழையை தடுக்கறது ரெண்டாவது.

அமைப்பு ரொம்ப சிம்பிள். துணியோட ஒரு ஓரம் வண்டிச் சுவத்துல, ஸ்லைடு வாய்க்கு மேல இருக்கற அலுமினிய ரயில்ல மாட்டியிருக்கும். இன்னொரு ஓரம் ஸ்லைடோட வெளி விளிம்புல இருக்கற ரோலர்ல சுத்தியிருக்கும், ரோலருக்குள்ள ஸ்பிரிங். ஸ்லைடு வெளிய போனா துணி விரியும், உள்ள வந்தா ஸ்பிரிங் தானா சுருட்டிக்கும். மோட்டார் கிடையாது, பட்டன் கிடையாது.

டாப்பர் இல்லாமலும் வண்டி ஓட்டலாம், அதையும் சொல்லிடறேன். ஒவ்வொரு தடவையும் ஸ்லைடை உள்ள இழுக்கறதுக்கு முன்னாடி ஏணி போட்டு ஏறி மேல் பக்கத்தை மெத்துன்னு இருக்கற துடைப்பத்தால பெருக்கி, தண்ணியை வழிச்சு விட்டா போதும். அதை விடாம செய்யறவங்களுக்கு டாப்பர் அவசியமே இல்லை. மரத்தடியில அடிக்கடி நிறுத்தறவங்க, ஏணி ஏற முடியாதவங்க, இவங்க கட்டாயம் போடணும்.

துணியும் அளவும்

வினைல், அக்ரிலிக்னு ரெண்டு. வினைல் தண்ணியை சுத்தமா விடாது, துடைக்கறது சுலபம், ஆனா ஈரத்தோட சுருட்டி வெச்சா பூஞ்சணம் பிடிக்கும், கடுங்குளிர்ல விறைச்சுக்கும், வெயில்ல வருஷக்கணக்கா கிடந்தா வெடிப்பு விடும். அக்ரிலிக், சன்பிரெல்லான்னு சொல்ற நெசவுத்துணி வகை, சீக்கிரம் காயும், சாயம் போகாது, ஆனா தண்ணி தேங்கி நின்னா மெதுவா கசியும். டாப்பருக்கு நான் வினைல் பக்கம் தான். எதை வாங்கினாலும் தையல் நூலை பாருங்க, முக்காவாசி டாப்பர்ல துணி நல்லா இருக்கும்போதே நூல் வெயில்ல இத்துப்போய் ஓரம் பிரிஞ்சு வரும்.

அளவெடுக்கறதுல தான் நிறைய பேர் கோட்டை விடறாங்க. ஸ்லைடு வாயோட அளவை எடுக்காதீங்க, ஸ்லைடோட வெளி விளிம்பு ஒரு கோடியில இருந்து மறு கோடி வரைக்கும் எடுங்க. அப்புறம் ஸ்லைடு எவ்ளோ தூரம் வெளிய நீளுது, அது ரெண்டாவது அளவு. மூணாவது, ஸ்லைடு விளிம்போட மேல் முனைக்கும் கூரை ஓரத்துக்கும் நடுவுல சுவத்துல எவ்ளோ இடம் இருக்கு, ஏன்னா ரயில் ரோலரை விட உயரமா இருந்தா தான் துணிக்கு வெளிப்பக்கமா வாட்டம் கிடைக்கும். வாட்டம் இல்லாத டாப்பர் தொட்டி தான். ஏற்கனவே டாப்பர் இருந்து துணி மட்டும் மாத்தறீங்கன்னா வண்டியை வெச்சு அளக்காம பழைய துணியை வெச்சே அகலத்தை அளங்க, ரோலர் நீளமும் துணி அகலமும் ஒண்ணு இல்லை.

மாட்டும்போது ஸ்பிரிங் ஜாக்கிரதை

இந்த இடத்தை தயவு செஞ்சு ரெண்டு தடவை படிங்க. ரோலருக்குள்ள இருக்கற ஸ்பிரிங் முறுக்கேறின நிலையில இருக்கும். பூட்டாம பிராக்கெட்டை கழட்டினா ரோலர் பம்பரம் மாதிரி சுத்தும், விரலை உடைச்சுடும், ஏணியில இருந்து தள்ளி விட்டுடும். கழட்டறதுக்கு முன்னாடி ஸ்பிரிங் இருக்கற பக்கத்துல பூட்டு ஓட்டை எங்க இருக்குன்னு மேனுவல்ல பாத்து, பின் போட்டு பூட்டி, பூட்டிடுச்சான்னு ரெண்டாவது ஆளையும் பாக்க சொல்லி, அப்புறம் தான் ஸ்க்ரூ மேல கை வைக்கணும். எத்தனை சுத்து முறுக்கணும், எந்த பக்கமா முறுக்கணும்ங்கறது மாடலுக்கு மாடல் மாறும், உங்க மாடலோட மேனுவல் சொல்றது தான் கணக்கு. ரெண்டு ஆள், ரெண்டு ஏணி, காத்து இல்லாத நாள். தனியா இருக்கீங்கன்னா இன்னிக்கு வேண்டாம்.

துணியோட ஓரத்துல மடிப்புக்குள்ள ஒரு பிளாஸ்டிக் கயிறு இருக்கும், அது தான் ரயில் காடியில நுழையற பகுதி. காடியை முதல்ல துடைச்சு, பிசிர் இருந்தா உப்புத்தாள் போட்டு தேய்ச்சு, கொஞ்சம் சிலிகான் ஸ்ப்ரே அடிச்சா வழுக்கிக்கிட்டு போகும், ஒருத்தர் ஊட்டி விடணும் இன்னொருத்தர் இழுக்கணும். ஸ்ப்ரே சுவத்துல படாம பாத்துக்கங்க, அப்புறம் அங்க சீலன்ட், அதாவது இடுக்கை அடைக்கற பசை, ஒட்டாது. துணி நடுவுல வந்ததும் ரெண்டு கோடியிலயும் ரயில்ல சின்ன ஸ்க்ரூ போட்டு நகராம நிறுத்திடுங்க.

புதுசா ரயில் அடிக்கறீங்கன்னா, நல்லா கேளுங்க, தண்ணியை தடுக்கறதுக்காக நீங்களே சுவத்துல பத்து இருபது ஓட்டை போடப்போறீங்க. ரயிலுக்கு பின்னாடி முழு நீளத்துக்கும் ப்யூட்டில் டேப் (களிமண் மாதிரி மெத்துன்னு ஒட்டற பட்டை), ஒவ்வொரு ஓட்டையிலயும் சீலன்ட் வெச்சு துருப்பிடிக்காத ஸ்டீல் ஸ்க்ரூ, இறுக்கினதும் பிதுங்கி வர்ற டேப்பை வெட்டி எடுத்துட்டு மேல் ஓரத்துலயும் ரெண்டு கோடியிலயும் சீலன்ட் கோடு. கீழ் ஓரத்தை அடைக்காதீங்க, தப்பித்தவறி உள்ள போன தண்ணி வெளிய வர ஒரு வழி வேணும். கூரைக்கு போடற, தானா பரவி மட்டமாகற செல்ஃப் லெவலிங் சீலன்டை சுவத்துல போட்டா வழிஞ்சு ஓடிடும், நிக்கற இடத்துக்கு வழியாத வகை தனியா இருக்கு, அதை கேட்டு வாங்குங்க. சாதாரண சிலிகான் வேண்டாம். இப்ப ஒட்டற மாதிரி தெரியும், ரெண்டு வருஷத்துல ஓரம் பிரியும், அப்புறம் சுரண்டி எடுத்தாலும் அதோட எண்ணெய்ப்பசை மேல வேற எதுவும் ஒட்டாது.

மழை வந்தா

ஒரு சதுர மீட்டர்ல 1 மில்லிமீட்டர் மழை பெஞ்சா அது 1 லிட்டர், அதாவது 1 கிலோ. உங்க டாப்பர் 4 மீட்டர் நீளம், 90 சென்டிமீட்டர் அகலம்னு வெச்சுக்கங்க, 3.6 சதுர மீட்டர். 10 மில்லிமீட்டர் மழையில 36 லிட்டர் அது மேல விழுது. வழிஞ்சு போனா பிரச்சனை இல்லை, துணி தொய்ஞ்சு நடுவுல குளம் கட்டிடுச்சுன்னா அந்த கனம் முழுக்க ஸ்பிரிங் மேலயும் தையல் மேலயும், நாலு நாள் இப்படி இருந்தா துணி இழுபட்டு நிரந்தரமா தொய்வு விழுந்துடும்.

அந்த நிலையில அப்படியே ஸ்லைடை உள்ள இழுக்காதீங்க. ஸ்பிரிங் அந்த கனத்தை தூக்காது, துணி இன்னும் தொங்கும், மொத்த தண்ணியும் ஸ்லைடு மேல கொட்டி வைப்பர் இடுக்கு வழியா உள்ள வரும். முதல்ல ஏணியில ஏறி பக்கவாட்டுல இருந்து துணிக்கு அடியில மெத்துன்னு துணி சுத்தின குச்சியை விட்டு மெதுவா தூக்குங்க, தண்ணி ஓரத்துக்கு ஓடிடும். அப்புறம் ஒரு ஜாண் உள்ள இழுங்க, நிறுத்துங்க, வடிய விடுங்க, மறுபடி ஒரு ஜாண். கீழ யாரும் நிக்காம பாத்துக்கங்க, விழற தண்ணி கொஞ்ச நஞ்சமா இருக்காது.

குளம் கட்டாம இருக்கணும்னா வண்டியை நிறுத்தும்போதே யோசிக்கணும். ஸ்லைடை வெளிய தள்ளும்போது மட்டமா நிக்கணுமா, வண்டியை தாங்கற ஜாக் காலை எப்ப இறக்கணும்ங்கறதை உங்க வண்டி மேனுவல்ல பாத்துக்கங்க, ஒவ்வொரு கம்பெனி ஒவ்வொரு மாதிரி சொல்றாங்க. அந்த வரிசை கெடாம, முன்னாடியோ பின்னாடியோ லேசா ஒரு வாட்டம் குடுத்தா டாப்பர்ல விழற தண்ணி ஒரு கோடியா ஓடிடும். லேசான்னா லேசா தான், கேஸ்ல ஓடற அப்சார்ப்ஷன் ஃப்ரிட்ஜ் இருந்தா வண்டி ரொம்ப சாய்ஞ்சா அது கெட்டுடும். நீண்ட நாள் ஒரே இடத்துல இருக்கறவங்க துணிக்கு அடியில ஸ்லைடு மேல காத்தடிச்ச பந்தையோ ஃபோம் உருளையையோ வெச்சு கூடாரம் மாதிரி நடுவுல தூக்கி விடறாங்க, நல்ல யோசனை தான், ஆனா ஸ்லைடை இழுக்கறதுக்கு முன்னாடி அதை எடுக்க மறந்துடுவோம். ஸ்லைடு பட்டன் பக்கத்துலயே ஒரு டேப் ஒட்டி "மேல பந்து" ன்னு எழுதி வெச்சுடுங்க.

காத்து பலமா அடிச்சு துணி படபடன்னு அடிக்க ஆரம்பிச்சா ஸ்லைடை உள்ள இழுத்துடறது தான் ஒரே வழி. பனி, ஐஸ் விழுந்திருந்தா துணியில ஒட்டின ஐஸை எடுக்காம சுருட்டக்கூடாது, அது கத்தி மாதிரி. ஈரத்தோட உள்ள இழுத்துட்டு கிளம்ப வேண்டி வந்தா பரவாயில்லை, ஆனா அடுத்த வெயில்ல முழுசா விரிச்சு காய விடுங்க.

டாப்பர் தொடாத இடங்கள்

கூரையில விழற மழை எங்க போகுதுன்னு பாருங்க. கூரை ஓரத்துல இருக்கற காடியில ஓடி மூலைக்குழாய் வழியா விழணும், அந்த குழாய் குட்டையா இருந்தா தண்ணி சுவத்துல வழிஞ்சு நேரா ஸ்லைடு பக்கச் சீலுக்கு தான் வரும். நீட்டு குழாய் மாட்டினா சுவத்தை விட்டு தள்ளி விழும். சின்ன வேலை, பலன் பெருசு.

ரப்பரை வருஷத்துக்கு மூணு நாலு தடவை மைல்டான சோப்புத்தண்ணியால கழுவி, காய வெச்சு, ரப்பர் சீலுக்குன்னே விக்கற கண்டிஷனரை துணியில தொட்டு தடவுங்க. பெட்ரோலியம் எண்ணெய், கிரீஸ், வாசலின் இதெல்லாம் தடவினா சீலுக்கு போடற ஈபிடிஎம்ங்கற ரப்பர் வகை உப்பி கொழகொழன்னு ஆயிடும். வண்டியை ஓட்டாம நிறுத்தி வைக்கற காலத்துல ஸ்லைடை உள்ளயே வெச்சிருங்க, வெயில் படாத துணியும் ரப்பரும் ரொம்ப வருஷம் வரும்.

அப்புறம் அடிப்பக்கம், யாருமே குனிஞ்சு பாக்காத இடம். ஸ்லைடோட தரை பெரும்பாலும் மரத்தூள் பலகை இல்லைன்னா ப்ளைவுட், அதுக்கு அடியில கறுப்பா ஒரு பிளாஸ்டிக் உறை சுத்தியிருக்கும். அந்த உறை ஓரத்துல கிழிஞ்சிருந்தா டயர்ல இருந்து தெறிக்கற தண்ணியும் சுவத்துல வழிஞ்சு கீழ் விளிம்புல தொங்கற சொட்டும் பலகைக்குள்ள ஏறும், மரம் தண்ணியை உறிஞ்சி மேல இழுக்கும், அதனால கீழ நனைஞ்சாலும் உள்ள ஒரு சாண் தள்ளி கூட பலகை உப்பும். ஸ்லைடை வெளிய தள்ளிட்டு அடியில டார்ச் அடிச்சு ஓரத்தை எல்லாம் விரலால அமுக்கி பாருங்க. கெட்டியா இருந்தா கிழிசலை நல்லா காய விட்டு எட்டர்னாபாண்ட் மாதிரி டேப் ஒட்டிடலாம். சொதசொதன்னு இருந்தா மேல டேப் ஒட்டி மூடாதீங்க, ஈரம் உள்ளயே அடைஞ்சு பலகை இன்னும் வேகமா மக்கும்.

என் வண்டியில அந்த மூலையில ஒரு அடிக்கு ஒரு அடி பலகையை வெட்டி எடுத்துட்டு புதுசு வெச்சேன், வெட்டின ஓரம் எல்லாத்துக்கும் எபாக்சி பூசி, மூலை ரப்பரை மாத்தி, அப்புறம் கார்பெட்டை உடனே ஒட்டாம ரெண்டு மாசம் அப்படியே திறந்து வெச்சிருந்தேன். அந்த ரெண்டு மாசமும் மூலையில ஒரு டிஷ்யூ பேப்பர், ஒவ்வொரு மழைக்கு அப்புறமும் எடுத்து பாக்கறது. நீங்களும் எதை ரிப்பேர் பண்ணினாலும் மூடறதுக்கு முன்னாடி இப்படி நாலஞ்சு மழை பாத்துட்டு மூடுங்க.